பிழையா, பொய்யா என்று கேட்ட ஆய்வாளர்

சாலையோ பாலமோ ரயில் பாதையோ, சொன்ன தொகைக்குள் முடியாதபோது வாசிக்கப்படும் காரணப் பட்டியல் எங்கும் ஒன்றுதான்: விலைவாசி ஏறிவிட்டது, மண் எதிர்பார்த்தபடி இல்லை, நிலம் கிடைக்கத் தாமதமாகிவிட்டது. டென்மார்க் பேராசிரியர் பென்ட் ஃப்ளுபியெர் தம் சகாக்களுடன் 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை அலசி, 2002-இல் இந்தப் பட்டியலை ஏற்க மறுத்தார். பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு குறைத்தே மதிப்பிடப்பட்டிருந்தது. ரயில் திட்டங்கள் சராசரியாக 45 சதவீதம் கூடுதலாக விழுங்கியிருந்தன.

எண்களைவிட அவற்றை அவர் படித்த விதம் முக்கியமானது. தெரியாமல் நேர்ந்த தவறு என்றால் சில மதிப்பீடுகள் கூடியும் சில குறைந்தும் இருக்கும். அனுபவம் சேரச் சேரத் தவறும் குறையும். எழுபது ஆண்டுத் தரவில் இரண்டுமே நடக்கவில்லை. அப்படியானால், ஒப்புதல் வாங்கியே தீர வேண்டும் என்பவர்கள் தெரிந்தேதான் தொகையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்றார்.

இந்தப் பார்வையை அவருக்குத் தந்தது டென்மார்க்கின் ஆல்போர் நகரம். நகர மையத்தில் கார்களைக் குறைக்கத் தீட்டிய திட்டம் எப்படி உருக்குலைந்தது என்பதை, பேருந்து நிலையம் அமைந்த இடம் முதல் வணிகர் அமைப்பின் செல்வாக்கு வரை துருவி, 1991-இல் நூலாக்கினார். அதிகாரம் முடிவை முதலில் எடுக்கிறது, அதற்கேற்ற கணக்கு பின்னால் வருகிறது என்பதே அவர் அங்கே கண்டது. பின்னர் ஆக்ஸ்போர்டில் ஆயிரக்கணக்கான திட்டங்களின் தரவைக் கையாண்டபோதும் அந்தச் சந்தேகம் அவரைவிட்டு அகலவில்லை.

ஒப்புதலுக்குப் பிறகு திட்டத்தின் அளவே மாறிவிடுவதால், முதல் மதிப்பீட்டோடு ஒப்பிடுவது நியாயமல்ல என்று கட்டுமானத் துறை ஆய்வாளர்கள் சிலர் மறுத்தார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. மக்கள் பிரதிநிதிகள் கை தூக்கியது அந்த முதல் தொகையை நம்பித்தானே?

இன்னொரு வாதம் பழையது, வசீகரமானது. உண்மைச் செலவு முன்பே தெரிந்தால் யாரும் எதையும் கட்ட மாட்டார்கள், தெரியாமையே நன்மை செய்கிறது என்று 1967-இல் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் எழுதினார். அவர் காட்டிய உதாரணம் கிழக்குப் பாகிஸ்தானின் கர்ணபூலி காகித ஆலை. அது நம்பியிருந்த மூங்கில் காடு திடீரென்று பூத்து மடிந்தது. ஆனால் ஆலை வேறு இடங்களிலிருந்து மூங்கில் தேடிப் பிழைத்துக்கொண்டது. சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைனுடன் சேர்ந்து 2,062 திட்டங்களைச் சோதித்த ஃப்ளுபியெர், இப்படித் தப்பியவை சிறுபான்மை என்று காட்டினார். பெரும்பாலானவற்றில் செலவும் கூடியது, பலனும் குறைந்தது.

அவர் சொன்ன மாற்றுவழி எளியது. உங்கள் திட்டம் தனித்துவமானது என்று நினைக்காதீர்கள். அதே வகையில் முன்பு முடிந்தவை என்ன செலவாயின என்று பார்த்து, அதற்கேற்ப மதிப்பீட்டை உயர்த்துங்கள். டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி ஆகியோரின் உளவியல் ஆய்விலிருந்து எடுத்த யோசனை இது. 2004-இல் பிரிட்டன் போக்குவரத்துத் துறைக்காக அவர் தயாரித்த வழிகாட்டியின்படி, மதிப்பீட்டைத் தாண்டும் வாய்ப்பை 20 சதவீதத்துக்குள் அடக்க வேண்டுமானால் ரயில் திட்டத்துக்கு 57 சதவீதம் கூட்டியாக வேண்டும்.

இந்த முறை முதலில் பயன்பட்டது எடின்பரோ டிராம் திட்டத்தில்தான். ஆனாலும் 54.5 கோடி பவுண்ட் நிதியோடு புறப்பட்ட அந்தத் திட்டம் 2014-இல் 77.6 கோடியில், அதுவும் குறுக்கப்பட்ட பாதையோடு, முடிந்தது. ஏன் இப்படி ஆனது என்று ஆராய்ந்த விசாரணையின் அறிக்கை வர 2023 ஆகிவிட்டது. இந்த முறை தரும் எச்சரிக்கை ஆலோசகர்களின் கோப்புக்குள் இருந்தால் போதாது. முன்பு முடிந்த திட்டங்களின் உண்மைச் செலவும் அவற்றை மதிப்பிட்டவர்கள் யார் என்பதும், வாக்கெடுப்புக்கு முன்பே உறுப்பினர்களின் மேசையிலும் பத்திரிகைகளிலும் இருக்கச் சட்டம் செய்ய வேண்டும்.