பெருநாளைக்கு ஊர் போகும் கூட்டம்: உயிர்கள் எங்கே பறிபோகின்றன?

ரமலானின் கடைசிப் பத்து வந்துவிட்டால் வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் போனில் நாம் கேட்கும் முதல் கேள்வி, "டிக்கெட் கிடைச்சிருச்சா?" என்பதுதான். கிடைக்கவில்லை என்றால் அடுத்த வார்த்தை, "எப்படியாவது வந்துடுப்பா. பெருநாத் தொழுகைக்கு முன்னாடி வந்து சேர்ந்துடு."

பாசத்தில் சொல்கிறோம். ஆனால் அந்த "எப்படியாவது" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை ஆபத்து இருக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. முன்பதிவில்லாப் பெட்டியின் வாசற்படியில் தொங்கிக்கொண்டு வருவதும் "எப்படியாவது"தான். நாள் முழுக்கக் கடையில் நின்றுவிட்டு, இரவு பைக்கை எடுத்துக்கொண்டு 300 கிலோமீட்டர் ஓட்டி வருவதும் "எப்படியாவது"தான்.

உறவைச் சேர்ந்து வாழ்வது நமக்கு மார்க்கக் கடமை. பெருநாளைக்கு ஊர் போவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அந்தப் பயணத்தில் உயிர்கள் ஏன் போகின்றன, அவற்றைத் தடுக்க முடியுமா என்பதே கேள்வி. பெருநாள் கூட்டத்தை உலகிலேயே மிகப் பெரிய அளவில் சந்திக்கும் இரண்டு முஸ்லிம் நாடுகளின் அனுபவத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. ஒன்று பங்களாதேஷ். மற்றொன்று இந்தோனேசியா.

டாக்கா: ஆற்றில் மூழ்கிய பெருநாள்

பெருநாள் நெருங்கினால் டாக்கா நகரமே காலியாகிவிடும். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் சில நாட்களில் தலைநகரைவிட்டு வெளியேறுகிறார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. ரயில் கூரை தெரியாத அளவுக்கு மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் படங்களை நாம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். "பாரம்பரியக் காட்சி" என்பதுபோல அவற்றை வேடிக்கை பார்த்துவிட்டுக் கடந்தும் போகிறோம். அதில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கை இல்லை. சீட்டு கிடைக்காதவர்களும் சீட்டுக்குக் காசில்லாதவர்களும்தான் கூரையில் ஏறுகிறார்கள். கூரைப் பயணத்தைத் தடுக்கும்படி 2022 ஜூலையில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது.

தெற்கு மாவட்டங்களுக்குப் போவோரின் வழி, நெடுங்காலமாக ஆற்று வழிதான். சதர்காட் படகுத்துறையில் பெருநாள் நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. 2009 நவம்பர் 27, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய நாள், டாக்காவிலிருந்து போலா மாவட்டத்துக்குச் சென்ற பயணிகள் கப்பல் ஒன்று, கரையை நெருங்கிய நிலையில் கவிழ்ந்தது. 70க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர் மண்ணை மிதிக்கச் சில அடிகளே இருந்தன.

2014இல் நடந்தது இன்னும் கொடுமை. நோன்புப் பெருநாள் முடிந்து வேலைக்குத் திரும்பும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி பத்மா ஆற்றைக் கடந்த 'பினாக்-6' என்ற படகு, மாவா துறைக்கு அருகில் மூழ்கியது. 85 பேருக்கு மட்டுமே அனுமதி பெற்ற அந்தப் படகில் 200க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். நாள்கணக்கில் தேடியும் மூழ்கிய படகைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. பல குடும்பங்களுக்கு ஜனாஸா தொழுகை நடத்த ஓர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

2022 ஜூன் 25 அன்று பத்மா ஆற்றின் மேல் 6.15 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்பட்டது. அந்த வழியில் படகை நம்பியிருந்த நிலை பெருமளவு மாறிவிட்டது. ஆனால் ஆபத்து முழுதாக நீங்கவில்லை. ஆற்றிலிருந்து சாலைக்கு இடம் மாறியது. பேருந்துக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார்கள், சரக்கு லாரிகளின் மேல் ஏறுகிறார்கள்.

ஆபத்து தொடங்கும் இடம்

மேலே சொன்ன விபத்துகளுக்கெல்லாம் "அதிகக் கூட்டம்" என்று ஒரே வார்த்தையில் காரணம் எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கூட்டம் ஒரே நாளில், ஒரே நேரத்தில் ஏன் சேர்கிறது?

டாக்காவைச் சுற்றியுள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பல லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். பெருநாளுக்கு முன் சம்பளமும் போனஸும் வந்து சேரவில்லை என்று அவர்கள் சாலையில் இறங்கிப் போராடும் செய்தி அடிக்கடி வருகிறது. கையில் காசு வராமல் டிக்கெட் எடுக்க முடியாது. கடைசி நாள்வரை தொழிற்சாலை ஓடினால் முன்கூட்டியே கிளம்பவும் முடியாது. சம்பளம் கைக்கு வந்து, வாசல் கதவு திறக்கும் அந்த மாலையில் எல்லோரும் ஒன்றாகத் தெருவுக்கு வருகிறார்கள். அந்த நேரத்தில் எந்த வண்டி வந்தாலும் ஏறுவார்கள். எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார்கள். எத்தனை பேர் ஏறினாலும் படகுக்காரர் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

ஆகவே படகு கவிழ்ந்தது ஆற்றில்தான் என்றாலும், ஆபத்து தொடங்கியது தொழிற்சாலை வாசலில். இதை விதி என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

இந்தோனேசியா: மாற்ற முடிந்ததும் முடியாததும்

இந்தோனேசியர்கள் பெருநாளுக்கு ஊர் திரும்புவதை 'முதிக்' என்பார்கள். 2024இல் 19 கோடியே 36 லட்சம் பேர் இப்படிப் பயணம் செய்வார்கள் என்று அந்நாட்டுப் போக்குவரத்து அமைச்சகம் கணித்தது. நாட்டு மக்களில் பத்தில் ஏழு பேர்!

2016 பெருநாளுக்கு முன் ஜாவா தீவில் பிரெபெஸ் என்ற இடத்தில், புதிய சுங்கச் சாலை முடிந்து வாகனங்கள் வெளியேறும் வழியில், சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு வாகனங்கள் நாள்கணக்கில் நின்றன. அந்த நெரிசலில் சிக்கிய பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யாரும் மோதிக்கொள்ளவில்லை. வெயில், களைப்பு, புகை, மருந்தும் உதவியும் வந்து சேர வழியில்லாத நிலை. இறந்தவர்களில் முதியவர்களே அதிகம்.

அந்த நாடு பல வேலைகளைச் செய்திருக்கிறது. முதலாவது, பணம். பெருநாள் படியை, அதாவது ஓராண்டு வேலை முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளத்தை, பெருநாளுக்கு ஏழு நாட்கள் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். இரண்டாவது, பெருநாளை ஒட்டி முன்னும் பின்னும் சேர்த்து விடப்படும் பொது விடுப்பு. இதனால் ஒரே மாலையில் எல்லோரும் கிளம்ப வேண்டியதில்லை. மூன்றாவது, ரயில். ஒரு காலத்தில் அங்கேயும் கூரையிலும் கழிப்பறையிலும் மக்கள் பயணம் செய்தார்கள். 2010களின் தொடக்கத்தில் தொலைதூர ரயில்களில் இருக்கை எண்ணிக்கைக்கு மேல் டிக்கெட் விற்பதை நிறுத்தினார்கள். டிக்கெட்டில் உள்ள பெயரையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நான்காவது, பைக்கில் குடும்பத்தோடு போவதைக் குறைக்க, பைக்கை ரயிலில் இலவசமாக ஏற்றி அனுப்பும் திட்டமும், அரசும் நிறுவனங்களும் நடத்தும் இலவசப் பேருந்துகளும். 2018 டிசம்பரில் ஜகார்த்தாவையும் சுரபாயாவையும் இணைக்கும் விரைவுச் சாலையும் தயாராகிவிட்டது.

இத்தனை செய்தும் ஒன்றை மட்டும் அவர்களால் முழுதாக வெல்ல முடியவில்லை. அது ஓட்டுநரின் களைப்பு. 2024 ஏப்ரல் 8, பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, ஜகார்த்தா–சிகாம்பெக் விரைவுச் சாலையில் ஒரு சிறிய வேன் எதிரே வந்த பேருந்தில் மோதித் தீப்பிடித்தது. வேனில் இருந்த 12 பேரும் இறந்தார்கள். அந்த ஓட்டுநர் சரியான ஓய்வில்லாமல் நான்கு நாட்களாகப் பயணிகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது. சாலை நல்ல சாலைதான். ஆனால் சாலைக்கு நாம் ஓய்வு கொடுக்க வேண்டியதில்லை, மனிதனுக்குக் கொடுத்தாக வேண்டும்.

நம் ஊர்ப் பயணம்

இனி நம் கதைக்கு வருவோம். சென்னையிலிருந்து மேலப்பாளையம், காயல்பட்டினம், கடையநல்லூர் போவது 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என்று கிழக்குக் கடற்கரை ஊர்களும் அருகில் இல்லை. ரயிலில் இடம் கிடைத்தால் நிம்மதி. கிடைக்காவிட்டால் ஆம்னி பேருந்து. அங்கே கட்டணம் மடங்குகளில் ஏறியிருக்கும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குப் போக வர ஆகும் செலவு, பெருநாள் துணிமணிச் செலவையே விழுங்கிவிடும்.

இதில் நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. தீபாவளியும் பொங்கலும் எந்தத் தேதி என்று ஓராண்டு முன்பே காலண்டரில் இருக்கிறது. சிறப்பு ரயிலும் சிறப்புப் பேருந்தும் அதை வைத்தே திட்டமிடப்படுகின்றன. நமக்கோ பிறை பார்த்தால்தான் பெருநாள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அதாவது நோன்புப் பெருநாளுக்கான முன்பதிவு திறக்கும்போது நாம் ஷஅபான் மாதத்தின் தொடக்கத்தில் இருப்போம். இடையில் இரண்டு பிறைகள். எந்தத் தேதிக்கு எடுப்பது என்று யோசிப்பதற்குள் இருக்கைகள் தீர்ந்து, காத்திருப்போர் பட்டியல் வந்துவிடுகிறது. பிறகு தட்கல், அதுவும் இல்லையென்றால் "எப்படியாவது".

பிறை மாறினால் ஒரு நாள்தான் மாறும். எனவே இரண்டு தேதிகளையும் கணக்கில் வைத்துச் சிறப்பு ரயில்களையும் பேருந்துகளையும் முன்கூட்டியே அறிவிக்கும்படி ரயில்வேயிடமும் போக்குவரத்துத் துறையிடமும் நாம் கேட்கலாம். தனித்தனியாகக் கேட்டால் காதில் விழாது. மாவட்ட ஜமாஅத்களும் நம் மக்கள் பிரதிநிதிகளும் ரஜப் மாதத்திலேயே இதைக் கோரிக்கையாக வைக்க வேண்டும். பெருநாளுக்கு நான்கு நாள் முன்னர் அறிக்கை விடுவதால் யாருக்கும் பயனில்லை.

நம் கடை வாசல் எப்போது திறக்கிறது?

டாக்கா தொழிற்சாலைகளைக் குறை சொல்லும்போது நம் கடைகளையும் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். ஜவுளிக்கடை, செருப்புக்கடை, உணவகம் என்று நம் சமுதாயத்தினர் நடத்தும் எத்தனையோ தொழில்களில் வெளியூர்ப் பிள்ளைகள்தாம் வேலை செய்கிறார்கள். பெருநாளுக்கு முந்தைய இரவு வியாபாரம் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவு கடந்து ஷட்டரை இறக்கிய பிறகுதான் "சரி, கிளம்புங்க" என்கிறோம். நோன்பும் நின்ற கால்களுமாக இருக்கும் அந்தப் பையன் அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறுவான்?

முதலாளிகளாக இருக்கும் நம் சகோதரர்களிடம் கேட்கிறோம்: சம்பளத்தையும் பெருநாள் பணத்தையும் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். ஊழியர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, தொலைதூரத்துக்காரர்களை முதலில் அனுப்புங்கள். உள்ளூர்க்காரர்கள் கடைசி இரவைப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த பெருநாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசி இரவுவரை இருந்தேயாக வேண்டியவர்களுக்கு, ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவர்களைச் சேர்த்து, இரண்டு ஓட்டுநர்களுடன் ஒரு வேன் பிடித்துக் கொடுங்கள். நகரங்களில் இயங்கும் ஊர் ஜமாஅத்களும் நலச் சங்கங்களும் இஃப்தார் நிகழ்ச்சிக்கு ஆகும் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கினால் ஊருக்கு ஒரு பேருந்தே ஏற்பாடு செய்துவிடலாம். நோன்பாளிக்கு உணவளிப்பது நன்மை. அவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பதும் நன்மைதான்.

வீட்டிலிருந்து ஒரு போன்

சொந்தக் காரிலும் வாடகை வேனிலும் வருவோருக்கும் சொல்ல வேண்டியது உண்டு. பகல் முழுக்க நோன்பு, இரவு தராவீஹ், சஹருக்கு எழுந்த தூக்கக் குறைவு. ரமலானின் கடைசியில் உடல் மற்ற நாட்களைப் போல் இருக்காது. இந்த நிலையில் விடிய விடிய ஓட்டுவது மன உறுதியைக் காட்டும் விஷயம் அல்ல. விடியற்காலை நேரத்தில் கண் தானாக மூடும். அதை யாராலும் அதட்டி நிறுத்த முடியாது. பயணிக்கு நோன்பிலும் தொழுகையிலும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. ஓட்டுபவர் தயங்காமல் ஆலிம்களிடம் கேட்டு அதைப் பயன்படுத்திக்கொள்ளட்டும். வாடகை வண்டி என்றால், ஓட்டுநர் முந்தைய இரவு தூங்கினாரா என்று ஏறும் முன் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருக்கும் நம் கையில்தான் முதல் தீர்வு இருக்கிறது. அது அந்த போன். "எப்படியாவது வந்துடு" என்பதை இந்தப் பெருநாளிலிருந்து மாற்றிக்கொள்வோம். "டிக்கெட் கிடைக்கலைன்னா அங்கேயே தொழுதுட்டு, பகல்ல நிதானமா கிளம்பி வாப்பா. உனக்குச் சோறு எடுத்து வைக்கிறோம்" என்று உம்மா சொல்லிவிட்டால் போதும், அந்தப் பையனின் நெஞ்சிலிருந்து பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பெருநாள் காலையில் முடிந்துவிடுவதில்லை. மாலையில் வந்து சேரும் மகனுக்கும் வீட்டில் பெருநாள்தான்.