“எப்ப நடப்பார்?”

தென்னையிலிருந்து விழுந்தோ, மோட்டார் சைக்கிள் விபத்தில் அகப்பட்டோ முள்ளந்தண்டு முறிந்து படுத்திருக்கும் ஒருவரைப் பார்க்க, கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் உறவினரும் அயலவரும் பழங்களோடு வருகிறார்கள், துஆச் செய்கிறார்கள், எழுந்து போகுமுன் அவருடைய உம்மாவின் காதருகே குனிந்து, “எப்ப நடப்பார்?” என்று தவறாமல் கேட்கிறார்கள். பிரியத்தினால் பிறக்கும் கேள்விதான். ஆயினும், கேட்கவேண்டிய மற்றக் கேள்விகளையெல்லாம் அது ஒன்றே விழுங்கிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

முள்ளந்தண்டின் உள்ளே, ஏறத்தாழச் சுண்டுவிரல் பருமனில், ஒன்றரை அடி நீளத்துக்கு இறங்குவது முண்ணாண். முறிந்த எலும்பு பொருந்திக்கொள்ளும். முற்றாக அறுந்த முண்ணாணை மீளப் பொருத்தும் வித்தையோ வைத்திய சாஸ்திரத்துக்கு இன்னும் கைவரவில்லை. காயம் நெஞ்சுக்குக் கீழே என்றால் கால்கள் ஓய்கின்றன. கழுத்திலே என்றால் கைகளும், சில வேளை சுவாசமுமே தளர்கின்றன. இவை கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவை வேறு. சலப்பை நிரம்பியதை அவர் அறியார். மலம் தன் வழக்கத்தை மறக்கிறது. காயம் மேலே ஏற ஏற உடல் வியர்க்கும் சக்தியை இழப்பதால், கச்சான் காற்று வீசும் பகலில் அவருடைய சரீரம் உள்ளுக்குள்ளேயே கொதிக்கிறது. நித்திரையிலும் நம்மைப் புரண்டு படுக்கச் செய்யும் காவலாளி நோவு. அந்தக் காவலாளியை இழந்தவருடைய தோல், எலும்பு அழுத்தும் இடத்தில், அவர் அறியாமலே புண்ணாகிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் இக்காயம் பட்டோரிற் பெரும்பாலோரைக் கொன்றவை இந்தப் படுக்கைப் புண்ணும் சலத்தில் தொற்றும் கிருமியுமே. 1944இல் இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், நோயாளரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இராப்பகல் பாராது புரட்டச் செய்தார். சலப்பையைச் சுத்தமாகப் பேணினார். தொழிலும் விளையாட்டும் பழக்கினார். 1948இல் அவர் அங்கே ஆரம்பித்த போட்டியே பின்னாளில் பராலிம்பிக் ஆயிற்று. அறுந்ததை அவர் ஒட்டவைக்கவில்லை, எஞ்சியதைக் காத்தார்.

நமது இலங்கையில், எஞ்சியதைக் காக்கும் இவ்வித்தையைப் பயிற்றும் ராகமைப் புனர்வாழ்வு வைத்தியசாலை தீவின் மறுகரையில் இருக்கிறது. அங்கிருந்து வீடு திரும்பியவருக்கு, அதன்பின் ஆயுள் முழுவதும் தாதியாக இருப்பவர் உம்மாவோ மனைவியோதான். ஆகவே, இந்தக் கிழக்குக் கரையோரத்திலேயே வீடு தேடி வந்து தோலையும் சலப்பையையும் பார்த்துச் செல்லும் பயிற்சிபெற்ற தாதியர் வேண்டும். விபத்து நடந்த இடத்தில், காயப்பட்டவரை இருவர் கையும் காலுமாகப் பிடித்து ஓட்டோவில் மடித்து ஏற்றாமல், அசையவிடாது 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கும் நிதானமும் வேண்டும்.

பொதுக் கட்டிடங்களுக்குள் சக்கர நாற்காலி செல்ல வழி இருக்கவேண்டும் என்னும் ஒழுங்குவிதி இந்நாட்டில் 2006ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதற்கும் பன்னூற்றாண்டு முன்னரே, நிற்க இயலாதவர் இருந்து தொழலாம், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று மார்க்கம் இடங்கொடுத்துவிட்டது. அவ்வாறு மார்க்கம் தந்த இடத்துக்கு அவர் வந்து சேராதபடி குறுக்கே கிடப்பவை, பள்ளிவாசலின் முகப்பில் நாம் கட்டிய நான்கு படிகள். அடுத்தமுறை அவரைப் பார்க்கப் போகிறவர்கள், எப்போது நடப்பார் என்று கேட்பதை விட்டு, இராத்திரி அவரைப் புரட்டிவிட ஆள் இருந்ததா என்று கேட்கட்டும். அப்படியே, அந்தப் படிகளின் பக்கத்தில் ஒரு சாய்தளம் போட எத்தனை மூடை சீமெந்து போதும் என்று மேசனிடமும் கேட்கட்டும்.