மாதிரிக்கு ஒன்று, மூட்டைக்கு ஒன்று

பருப்பு வியாபாரி கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று சிரிக்க வேண்டாம். சுற்றி வந்து நம் கடை வாசலில்தான் முடிப்பேன்.

கிருஷ்ணன்கோவிலில் படிக்கும் என் பேரன் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்று கேட்டான். விளையாட்டுக் காட்சிகளைத் திரைக்கு வரைந்து கொடுக்கும் பலகை அது. விலை நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. என்விடியாவில்தான் படம் தெளிவு என்கிறான் அவன். ஏஎம்டியில்தான் நிறம் பளிச்சென்று இருக்கும் என்கிறான் அவன் சிநேகிதன். "இரண்டு சாம்பிளையும் ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தீர்களாடா?" என்று கேட்டேன். இருவரும் விழித்தார்கள்.

பிறகு உட்கார்ந்து விசாரித்ததில் விஷயம் புரிந்தது. நிறத்தின் அளவு 0 முதல் 255 வரை. சில திரைகளை டி.வி. என்று எடுத்துக்கொண்டு என்விடியா கார்டு 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பியதுண்டு. திரை அதற்கேற்ப இல்லாவிட்டால் படம் வெளிறிப்போகும். அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். தராசு முள்ளைச் சரிபார்க்காமல் சரக்கைக் குறை சொன்ன கதைதான் இது.

ஆனால் உண்மையான தில்லுமுல்லும் நடந்ததுண்டு. 2001-ல் ஏடிஐ என்ற நிறுவனத்தின் ரேடியான் 8500 கார்டு 'குவேக் 3' விளையாட்டில் நல்ல வேகம் காட்டியது. விளையாட்டின் கோப்பில் குவேக் என்ற பெயரைக் குவாக் என்று மாற்றிப் பார்த்தார்கள். வேகம் குறைந்தது, படம் தெளிவானது! பெயரைக் கண்டதும் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறது. பிறகு நிறுவனம் அதைச் சரிசெய்தது. இந்த ஏடிஐ-யைத்தான் 2006-ல் ஏஎம்டி வாங்கியது.

2003-ல் என்விடியாவின் முறை. '3டிமார்க் 03' என்ற சோதனையில் கேமரா எந்த வழியில் போகும் என்பது முன்பே தெரியும். ஆகவே கண்ணில் படாத இடங்களை வரையாமலே விட்டு மதிப்பெண் வாங்கியது. அந்த வழியை அடைத்ததும் மதிப்பெண் சுமார் 24 சதவீதம் சரிந்தது. ஏடிஐ-க்கும் சுமார் 2 சதவீதம் குறைந்தது. பின்னர் இருதரப்பும் பேசி, இதை ஏமாற்று என்று சொல்வதற்கில்லை என அறிக்கை விட்டார்கள். அறிக்கை வந்தது; பேச்சு ஓயவில்லை.

2025 ஜனவரியில் என்விடியா தலைவர், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090-க்கு ஈடு என்றார். செயற்கை அறிவின் துணையால் என்றும் சொன்னார். அந்தக் கணக்கில் நான்கு படங்களில் ஒன்றுதான் முறையாக வரைந்தது. மூன்று ஊகித்துச் சேர்த்தவை. பார்க்க நன்றாகவே இருக்கலாம். நான் கலப்படம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எவ்வளவு அசல், எவ்வளவு சேர்ப்பு என்பதை விலைக்குச் சமமான பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே சில்லு போட்ட கார்டுதான் ஆசஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட் என்று பல பெயரில் வருகிறது. ஒரே மில் அரிசி பல பையில் வருவதில்லையா? படத்தில் வித்தியாசம் இராது. விசிறி, சத்தம், வாரண்டி, விலை இவற்றைப் பாருங்கள். என்விடியாவையும் ஏஎம்டியையும் ஒப்பிடுவதானால் ஒரே திரை, ஒரே விளையாட்டு, ஒரே அமைப்பு வைத்து, நின்ற படத்தை மட்டுமல்ல, ஓடும் படத்தையும் பாருங்கள்.

இனி நம் கதைக்கு வருவோம். சாம்பிள் பொட்டலத்தில் முழுப் பருப்பு, மூட்டையின் அடியில் நொய்யும் தூசியும் என்று எத்தனை லோடு நாம் இறக்கியிருக்கிறோம்! எண்ணெய் தடவிப் பளபளக்கும் பருப்பைப் பார்த்து ஏமாந்ததில்லையா? நாமே ஒரு தடவையாவது அப்படிக் கொடுத்ததில்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம்.

பெயரை மாற்றிப் பார்த்ததில் அவ்வளவு பெரிய கம்பெனியின் குட்டு வெளிப்பட்டது. வ. புதுப்பட்டியில் மூட்டையைக் கவிழ்த்துப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? சாம்பிளும் சரக்கும் ஒன்றாக இருப்பதே வியாபாரியின் நாணயம். அதைக் காப்போம்.