பிடி உடைந்தால் டேங்கையே மாற்ற வேண்டுமா?

கல்லாவுக்கு மேலே சாமி படமும் பூவும் விளக்கும் வைத்துக் கடையின் முன்புறத்தைக் கோயில் போலப் பார்த்துக்கொள்கிறோம். பின்புறம் கிட்டங்கியை ஒட்டி இருக்கும் கழிப்பறையைப் பற்றிப் பேசுவதற்கே நமக்குக் கூச்சம். விலைவாசி, வரி, லைசென்ஸ் என்று எத்தனையோ எழுதியாகிவிட்டது. இந்த முறை ஒரு பிளஷ் டேங்கின் கைப்பிடியைப் பற்றி எழுதுகிறோம். வணிகப் பெருமக்கள் முகம் சுளிக்காமல் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

திருச்செந்தூரில் நம் கிட்டங்கிக் கழிப்பறையில் இருப்பது பழைய பீங்கான் டேங்க். பத்து லிட்டர் பிடிக்கும். போன வருடம் வைகாசி விசாகக் கூட்டம் ஊரை நிறைத்திருந்த நேரத்தில் அதன் கைப்பிடி ஒடிந்து கையோடு வந்துவிட்டது. வியாபார மும்முரத்தில், "ஒரு வாளியை வையுங்கள், பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிட்டோம்.

பிறகு ஒரு பிளம்பரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் மூடியைக்கூடத் திறக்காமல், "அண்ணாச்சி, இது பழைய மாடலு. பிடி மட்டும் தனியா கிடைக்காது. டேங்கையே மாத்திருவோம்" என்றார். டேங்க், குழாய், கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய் என்றார். ஒரு பிடிக்கு நாலாயிரமா என்று நாம் தள்ளிப் போட்டோம். ஆவணித் திருவிழாவும் முடிந்தது. வாளி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

நம் கிட்டங்கியில் மிளகாய், மல்லி பாக்கெட் போடும் பெண்கள் ஐந்து பேர் உண்டு. ஒரு நாள் மத்தியான வெயிலில் அவர்களில் ஒரு பிள்ளை தலை சுற்றிச் சாக்கு மேல் உட்கார்ந்துவிட்டாள். சோடா வாங்கிக் கொடுத்து, "ஏம்மா, தண்ணி குடிக்கலையா?" என்று கேட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூட இருந்த வயதான அம்மாதான் பதில் சொன்னார்: "தண்ணி குடிச்சா அங்க போகணும்லா அண்ணாச்சி. லோடுமேன் எல்லாரும் பார்க்க முத்தத்துக் குழாயில வாளி பிடிச்சுத் தூக்கிட்டுப் போகணும். அதான் புள்ளைங்க காலையில இருந்து வாயை நனைக்கிறது இல்ல."

நமக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாலாயிரம் ரூபாயை நாம் மிச்சப்படுத்தியதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் செலவைப் பிள்ளைகள் தங்கள் உடம்பில் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்தால் சிறுநீர்ப் பாதையில் தொற்றும், கல்லும் வரும் என்று எந்த மருத்துவரும் சொல்வார்.

அன்று சாயந்திரமே டேங்கின் மூடியை எடுத்துப் பார்த்தோம். உள்ளே இருப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிடியை அழுத்தினால் லீவர் தூக்குகிறது. லீவர் முனையில் ஒரு கொக்கி. அது சைபனுக்குள் இருக்கும் தட்டைத் தூக்க, கொஞ்சம் தண்ணீர் வளைவைத் தாண்டி இறங்குகிறது. அந்த இழுப்பில் டேங்க் தண்ணீர் முழுவதும் பின்னாலேயே போகிறது. நம் டேங்கில் மிதவை, வால்வு, சைபன் மூன்றும் சரியாகவே இருந்தன. கெட்டுப்போனது வெளியே தெரியும் பிடி ஒன்றுதான்.

உடைந்த பிடியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாள் தூத்துக்குடி போனோம். இரண்டு கடைகளில் "வராது" என்றார்கள். மூன்றாவது ஒரு பழைய இரும்புக் கடை. அதன் முதலாளி டிராயரைத் துழாவி, பித்தளையில் ஒரு பிடியை எடுத்து வைத்தார். விலை நூற்று இருபது ரூபாய். மாட்டுவதற்கு இருபது நிமிடம் ஆயிற்று.

நம்மைப் போல் நாலு மாதம் வீணாக்காமல் இருக்கச் சில குறிப்புகள். முதலில் டேங்குக்கு வரும் குழாயை மூடிவிடுங்கள். பீங்கான் மூடியைத் தரையில் பத்திரமாக வையுங்கள். பிடி முன்பக்கமா, பக்கவாட்டா என்று பார்த்து, துளையின் அளவையும் லீவரின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உடைந்த சாமானையே கடைக்கு எடுத்துப் போவது எல்லாவற்றிலும் நல்லது. உள்ளே இருக்கும் நட்டு சில டேங்குகளில் எதிர்ப்பக்கம் திருகும் மரையாக இருக்கும். வரவில்லை என்று முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். புதிய பிடியை மாட்டும்போது ரப்பர் வாஷரை விட்டுவிடக் கூடாது. அளவுக்கு மேல் முறுக்கினால் பீங்கான் விரிசல் விடும். மாட்டி முடித்ததும் நம் கடையில் விற்கும் சொட்டு நீலத்தில் நாலு துளியை டேங்கில் விட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். பிடியைத் தொடாமலே கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம்.

நம் ஊரில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கடலோரத்து நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறுகிறது. ஆனால் நம் கடைக் கிணறுகள் பலவற்றில் வருவது உப்புத் தண்ணீர். காற்றிலும் உப்பு. இரும்புச் சாமான் சீக்கிரம் துருப்பிடிக்கும். கூடியவரை பித்தளையாகப் பார்த்து வாங்குங்கள்.

"வாளியில் ஊற்றுவது நம் வழக்கம்தானே, பிடி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். 1970இல் பீகாரில் பிந்தேஸ்வர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கத்தின் கழிப்பறைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீரே போதும். அதன் கோப்பையை அதற்கென்றே நல்ல சரிவாக அமைத்தார்கள். நம் பழைய கோப்பை டேங்கிலிருந்து பத்து லிட்டர் ஒரே வேகத்தில் இறங்கும் என்று நம்பி வைத்தது. அதில் இரண்டு செம்பு ஊற்றினால் ஒன்றும் ஆகாது. முழு வாளியைத் தூக்கிச் சுமந்துதான் தீர வேண்டும்.

டேங்கே விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். மூன்று லிட்டர், ஆறு லிட்டர் என்று இரண்டு பொத்தான் வைத்த புது டேங்குகள் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்பதும் உண்மை. வசதி உள்ளவர்கள் கோப்பைக்கு ஒத்து வருமா என்று பார்த்து வாங்கட்டும். ஆனால் அது வரும் வரை பிள்ளைகளை வாளி தூக்க வைப்பது நியாயம் அல்ல.

2019இல், பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்தபோது, ஊழியருக்குக் கழிப்பறையும் ஓய்வறையும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. 1947ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல்தான் 22-ஏ பிரிவைச் சேர்த்து, கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்றார்கள். உட்காரச் சொல்வதற்கே நமக்குச் சட்டம் வேண்டியிருந்தது. கழிப்பறைப் பிடிக்கும் ஒரு சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஆய்வுக்கு வரும் அதிகாரி கழிப்பறை இருக்கிறதா என்று பார்ப்பார். பிடி வேலை செய்கிறதா என்று நாம்தான் அழுத்திப் பார்க்க வேண்டும்.

இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் நம் சங்கச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடி, வாஷர், கொக்கி, மிதவை போன்ற சில்லறைச் சாமான்களில் லாபம் குறைவு, இடமும் அடைக்கும். தெரிந்தே சொல்கிறோம், ஒரு டிராயராவது அதற்கு ஒதுக்குங்கள். "வராது" என்று சொன்ன இரண்டு கடைகளின் பெயரை நாம் மறந்துவிட்டோம். மூன்றாவது கடையில் அதற்குப் பிறகு குழாயும் பெயிண்டும் பூட்டும் வாங்கியிருக்கிறோம்.

அன்பர்கள் நாளைக் காலை கடை திறந்து விளக்கேற்றியதும், பின்பக்கம் போய் அந்தப் பிடியை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் வராவிட்டால் கல்லாவைத் திறப்பதற்கு முன் அதற்கு ஆள் அனுப்புங்கள். நம் கிட்டங்கியில் இப்போது பிள்ளைகள் பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருக்கிறது. மத்தியானத்துக்குள் அது காலியாகிவிடுகிறது.