கட்டின வீட்டை விற்கலாம், தப்பில்லை

"கட்டின வீட்டை யாராவது விப்பாங்களா சார்?" இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னைத் துரத்துகிறது. வாக்கிங் போகிற இடத்தில், ரேஷன் கடையில், கல்யாணப் பந்தியில். கேட்பவர்களில் பாதிப் பேர் அடுத்து குரலைத் தாழ்த்தி, "ஏதாவது பணக் கஷ்டமா?" என்றும் விசாரிப்பார்கள். ஒரு கஷ்டமும் இல்லை. எழுபதை நெருங்கும் இரண்டு பேருக்கு ஒரு கிரவுண்டு மனையும் நாலு பெட்ரூமும் எதற்கு என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் எண்பதுகளில் மனை வாங்கியவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள். பீச்-தாம்பரம் மின்சார ரயிலை நம்பி (1931-லிருந்து ஓடுகிறது, பாவம்) இங்கே வந்தோம். பி.எஃப். கடன், சொசைட்டி கடன், மனைவியின் வளையல் என்று சேர்த்துக் கீழ்த்தளம் கட்டினோம். பத்து வருடம் கழித்து மாடி எழுப்பினோம். மாடி யாருக்கு? பையனுக்கு. பையன் எங்கே? நியூ ஜெர்சியில், இல்லையென்றால் பெங்களூரில். சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் பக்கத் தெருக்களில் ஒரு நடை நடந்து பாருங்கள். கீழே ஹாலில் டிவி சத்தம் கேட்கும். மேலே இருட்டாக இருக்கும்.

அந்த இருட்டு மாடியையும் பெருக்கித் துடைக்க வேண்டும். மொட்டை மாடியில் ஒழுகல் பார்க்க வேண்டும். சம்ப் கழுவ ஆள் தேட வேண்டும். செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிக்குப் போன் போட்டு, வரும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். தென்னை மரம் ஏறுபவர் சொல்கிற தேதிக்கு வருவதில்லை, அதற்குள் மட்டை பக்கத்து வீட்டுக் காரின் மேல் விழுந்து தகராறு. ஊருக்குப் போனால் பூட்டின வீட்டை நினைத்துத் தூக்கம் வராது. இத்தனையும் அறுபது வயதில் முடியும். எழுபத்தைந்தில்?

"2015-ல் மாடிதானே சார் காப்பாத்திச்சு?" என்பார்கள். உண்மை. அந்த டிசம்பர் 2-ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மாடியில் ஏறித்தான் பிழைத்தார்கள். அதை நான் மறக்கவில்லை. இப்போது நாங்கள் இருப்பது முதல் மாடியில், லிஃப்ட் உள்ள கட்டடத்தில். 640 சதுர அடி. ஒரு பெட்ரூம், ஒரு ஹால், சின்ன பால்கனி. காய்கறிக் கடை, மருந்துக் கடை, டாக்டர் மூன்றும் நடக்கிற தூரத்தில். காலையில் இருபது நிமிடத்தில் வீடு பெருக்கி ஆகிவிடுகிறது. "கூட்டிப் பெருக்கறதுலயே என் ஆயுசு போச்சுங்க" என்று முப்பது வருடம் சொன்ன என் மனைவி, இப்போது சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்து புத்தகமும் படிக்கிறாள்.

நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாமரம் போயிற்று. புதிதாக வாங்கியவர் அதை வெட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டபோது அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒரு மாமரத்துக்காக என் மனைவி தனியாளாகி, அத்தனை பெரிய வீட்டில் ராத்திரி கேட் பூட்டியிருக்கிறதா என்று நாலு தடவை எழுந்து பார்க்க வேண்டுமா? அநேகமாக அப்படித்தான் நடக்கிறது. கணவர் போன பிறகு, துக்கம் ஆறுவதற்குள், பிள்ளைகள் பதினைந்து நாள் லீவில் வந்து அந்த அம்மாவின் அடுத்த வீட்டை முடிவு செய்கிறார்கள். பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்களை எடைக்குப் போடுகிறார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. இரண்டு பேரும் இருக்கும்போது, கையும் காலும் ஓடும்போது, எதை எடுத்துக்கொள்வது எதை விடுவது என்று நாமே தீர்மானிப்பது எவ்வளவோ மேல்.

இன்னொரு கட்சி உண்டு. "பையன் பேருக்கு எழுதிட்டு அவனோட போய் இருக்க வேண்டியதுதானே?" வேண்டவே வேண்டாம். பையன் நல்லவன்தான், யார் பையனும் நல்லவன்தான். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யலாம். நிபந்தனை இல்லாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. எழுபது வயதில் கோர்ட் படியேறி, நிபந்தனை இருந்ததா இல்லையா என்று வாதாடும் நிலை ஏன் வர வேண்டும்? சின்னதாக இருந்தாலும் கூரை நம் பெயரில் இருக்கட்டும். மிச்சத்தை உயிலில் எழுதுங்கள். டெபாசிட் கட்டி முதியோர் குடியிருப்பில் சேர்வதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் போட்ட பணத்துக்குக் கையில் பத்திரம் வருமா, ரசீது மட்டும்தானா என்று முதலில் கேளுங்கள்.

என் கோபம் உண்மையில் அரசின் மேல். தமிழ்நாட்டில் பெற்ற பிள்ளைக்கு வீட்டை செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து அதிகபட்சம் 50,000 ரூபாய். அதே ஆள் தனக்கென்று 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் வாங்கினால் 7 சதவீதமும் 2 சதவீதமுமாக 5 லட்சத்து 40 ஆயிரம். கிழவன் கொடுத்துவிட்டுப் போனால் சலுகை, சொந்தமாக ஒரு சின்ன வீடு வாங்கினால் தண்டம். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். நல்லது. அறுபது தாண்டியவர் இருந்த ஒரே வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போனாலும் அப்படி ஏதாவது குறைக்க என்ன தடை? சிங்கப்பூரில் வீட்டு வசதி வாரியம் 55 வயது தாண்டியவர்களுக்கென்றே 15 முதல் 45 வருடக் குத்தகையில் சின்ன ஃபிளாட் தருகிறது. பெரிய வீட்டை விட்டுச் சின்னதுக்கு மாறுகிற முதியவர்களுக்கு, சில நிபந்தனைகளோடு, போனஸும் தருகிறார்கள்.

வரிக்குப் பயந்தே விற்காமல் இருப்பவர்களும் உண்டு. விற்ற லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரி கிடையாது. மிச்ச லாபத்தை ஆறு மாதத்துக்குள், 50 லட்சம் வரை, அதற்கென்று உள்ள பாண்டுகளில் போடலாம். ஐந்து வருடம் எடுக்க முடியாது, அவ்வளவுதான். விற்பதற்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள், விற்ற பிறகு அல்ல.

ஃபிளாட் பார்க்கும்போது டைல்ஸையும் மாடுலர் கிச்சனையும் பார்த்து மயங்க வேண்டாம். பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி, வில்லங்கச் சான்றிதழ் சுத்தமா, லிஃப்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, மழைக்குத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், இவைதான் முக்கியம். கடைசிக் கேள்வியை புரோக்கரிடம் கேட்காதீர்கள், எதிர்த்த பெட்டிக் கடைக்காரரிடம் கேளுங்கள். பத்திரத்தில் மனைவி பெயரையும் போடுங்கள். எங்கள் பத்திரத்தில் அவள் பெயர்தான் முதலில் இருக்கிறது.