மணலி எண்ணெயும் மடியில் புளிசோறும்

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் விமான நிலையம்வரை வண்டி மாற வேண்டாம். 2021 பிப்ரவரியில் அந்தப் பாதை திறந்ததிலிருந்து, துபாய்க்கோ தோஹாவுக்கோ வெல்டிங் வேலைக்குப் போகிறவர்களையும், அந்தமானில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும் ராயபுரத்துக் குடும்பங்களையும் பெட்டியும் கையுமாக அதில் பார்க்க முடிகிறது. அவர்கள் பேச்சில் ஒரு குறை அடிக்கடி காதில் விழும். "முன்னெல்லாம் பிளேன்ல சாப்பாடு குடுப்பாங்க. இப்ப தண்ணிக்கும் காசு கேப்பாங்க போல." சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரி. தண்ணீரைப் பற்றிச் சொல்வது தப்பு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் வாங்கத் தேவையில்லாததை வாங்குகிறார்கள், கேட்டுப் பெற வேண்டியதைக் கேட்காமல் விடுகிறார்கள்.

சாப்பாடு ஏன் போனது? 2003-ல் கேப்டன் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கியபோது அவர் செய்தது எளிய கணக்கு. டிக்கெட் என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவதற்கான கூலி, மற்றதெல்லாம் தனி விலை. சோற்றை ஏற்றினால் அதற்கு அடுப்பு வேண்டும், தள்ளுவண்டி வேண்டும், வந்திறங்கியபின் துடைக்க நேரம் வேண்டும். எடை கூடினால் எண்ணெய் கூடும். அடுத்து வந்த ஸ்பைஸ்ஜெட்டும் இண்டிகோவும் அதே வழியில் வளர்ந்தன. 2017-ல் ஏர் இந்தியாகூட உள்நாட்டுப் பயணத்தில் சாதாரண வகுப்புக்கு அசைவச் சாப்பாட்டை நிறுத்தியது.

எண்ணெய் என்றேன். அது நம் பக்கத்துக் கதை. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பழைய ஆட்கள் இன்னும் எம்.ஆர்.எல். என்று சொல்லும் மணலி ரிஃபைனரியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு விமான எரிபொருள் குழாய் வழியாகவே போகிறது. ஏறத்தாழ 95 கிலோமீட்டர் நீளக் குழாய். ஒரு விமான நிறுவனத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த எண்ணெய்தான். இது ஜி.எஸ்.டி.க்குள் வராது. உள்நாட்டு விமானத்தில் நிரப்பும் எண்ணெய்க்குத் தமிழ்நாடு நெடுங்காலம் 29 சதவீத மதிப்புக்கூட்டு வரி விதித்துவந்திருக்கிறது. ஆகவே எண்ணெயைத் தொட முடியாத நிறுவனம் சோற்றையும், போர்வையையும், முழங்காலுக்கு முன்னால் இருக்கும் இடத்தையும் தொடுகிறது. (அந்த எண்ணெயின் இன்னொரு விலையை எண்ணூர்க்காரர்கள் 2023 டிசம்பரில் கொடுத்தார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் முகத்துவாரத்தில் படர்ந்து வலையையும் படகையும் கெடுத்தது. அந்த விலை எந்த டிக்கெட்டிலும் ஏறவில்லை.)

இனி தண்ணீர். எதற்கெல்லாம் தனியாகக் காசு வாங்கலாம் என்று இந்திய விமான நிறுவனங்களுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறது. விருப்பப்பட்ட சீட், தின்பண்டம், பானம், செக்-இன் பெட்டி எல்லாம் அதில் உண்டு. குடிதண்ணீருக்கு மட்டும் அதில் விலக்கு. தாராளமாகக் கேளுங்கள். காலி பாட்டிலோடு பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி, உள்ளே குழாயில் நிரப்பிக்கொண்டால் கேட்கவும் வேண்டாம். கேபின் காற்று மிகவும் வறண்டது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் வளர்ந்த தொண்டைக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியலுக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பயணி தானாக வேண்டும் என்று சொன்னால்தான் காசு. ஆனால் வெப் செக்-இன் செய்யும்போது திரை முழுக்க 300 ரூபாய், 500 ரூபாய் என்று சீட்டுகள் மின்னும். ஏதாவது ஒன்றை வாங்காமல் மேலே போக முடியாது என்று தோன்றும். போக முடியும். சீட் தேர்வைத் தாண்டிப் போகும் பொத்தான் கண்ணில் படாத இடத்தில் சின்னதாக இருக்கும். அதை அழுத்தினால் மிச்சமிருக்கும் சீட்டில் ஒன்று இலவசமாக வரும். நடு சீட்டாக இருக்கலாம், அவ்வளவுதான். பிள்ளையோடு போகிறவர்கள் பயந்துபோய்ப் பக்கத்துச் சீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். 12 வயதுவரை உள்ள பிள்ளையை, ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே புக்கிங்கில், வரும் அம்மா அப்பாவில் ஒருவர் பக்கத்திலாவது உட்காரவைக்க வேண்டும் என்று 2024-ல் டிஜிசிஏ சொல்லிவிட்டது.

விமானம் தாமதமானால் சாப்பாட்டுக் கணக்கு மறுபடி மாறும். இரண்டரை மணி நேரத்துக்குள் பறந்து முடியும் விமானம், அந்தமான் விமானம் அந்த வகைதான், 2 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் நேரத்துக்கு வந்து செக்-இன் செய்தவர்களுக்கு நிறுவனம் சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும். இரண்டரை முதல் 5 மணி நேரப் பயணத்துக்கு அந்த வரம்பு 3 மணி நேரம். புயல் போல, நிறுவனத்தின் கைக்கு மீறிய காரணம் என்றால் இந்தக் கடமை கிடையாது. மற்ற நாளில் கவுன்டரில் போய்க் கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்காதவர்களைத் தேடி வந்து தருவது அரிது.

வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் கிளம்புகின்றன. மெட்ரோ 11 மணியோடு நின்றுவிடும். ஆகவே வடசென்னைப் பயணியின் அசௌகரியம் ஆகாயத்தில் தொடங்குவதில்லை, விமான நிலைய நாற்காலியில் மூன்று நான்கு மணி நேரம் உட்காரும்போதே தொடங்கிவிடுகிறது. அங்கே ஒரு காபிக்கு 200 ரூபாய் கொடுத்தவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் உடான் யாத்ரி கஃபே திறந்தார்கள். தொடங்கியபோது அங்கே டீயும் தண்ணீரும் 10 ரூபாய், காபியும் சமோசாவும் 20 ரூபாய். எங்கே என்று விசாரித்துப் போங்கள்.

அதைவிட நல்லது கட்டுசோறு. இட்லியில் பொடியும் எண்ணெயும் தடவி எடுத்துப் போகலாம். சாம்பாரும் ரசமும் சோதனையில் நிற்கும், ஊறுகாயைக் கைப்பையில் விடாமலும் போகலாம். என் ஓட்டு புளிசோற்றுக்கே. காரணம் பாசம் மட்டுமில்லை. மேலே பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம், ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். கொடைக்கானல் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழுத்தத்திலும் வறட்சியிலும் நாக்குக்கு உப்பும் இனிப்பும் மங்கும். புளிப்பும் காரமும் அவ்வளவு மங்குவதில்லை. விமானத்தில் வாங்கும் 300 ரூபாய் சாண்ட்விச் சப்பென்று இருப்பதற்கும் இதில் பங்குண்டு. அழுத்தம் குறைவதால் சிப்ஸ் பாக்கெட் மேலே உப்பிக்கொள்ளும், வயிற்றுக்குள் இருக்கும் வாயுவும் அப்படியே. கிளம்பும் முன் சோடாவும் சுண்டலும் வேண்டாம். கருவாடு கொண்டுபோகிற காசிமேட்டு மக்களுக்கு ஒரு வேண்டுகோள்: நிறுவனத்தின் விதியைப் பார்த்து, மூன்று சுற்றுக் கட்டி, செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

இதெல்லாம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. ராஜுலா கப்பலில் நம் ஹார்பரிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன டெக் பயணிகளுக்குக் கிடைத்தது தளத்தில் கொஞ்சம் இடம். விரிக்கிற பாய் அவரவருடையது. இன்றைக்கு அந்தப் பாயின் வேலையை ஒரு துண்டு செய்யும். ஈரிழைத் துண்டைச் சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைத்தால், சாயாத சீட்டிலும் முதுகு வலிக்காது. ஏ.சி. குளிரில் விரித்தால் போர்வை. முன் சீட்டுக்கும் நம் சீட்டுக்கும் இடைவெளி இப்போது 28 முதல் 30 அங்குலம், அதையும் காலடியில் பையை வைத்துப் பாதியாக்கிக்கொள்ளாதீர்கள். பெரிய பையை மேலே ஏற்றிவிடுங்கள். மாத்திரை, இன்சுலின், பவர் பேங்க் மூன்றும் மேலே ஏற்றாமல் கையோடு வைத்திருக்கும் சின்னப் பையில்தான் இருக்க வேண்டும்.

துபாய்ப் பயணம் சுமார் 4 மணி நேரம். 4 மணி நேரமும் அதற்கு மேலும் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. ஆறாயிரத்தில் ஒருவருக்கு என்ற அளவுதான், பயப்பட வேண்டாம். கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு, அது ஓடாமல் நின்றால் ரத்தம் தேங்குகிறது. மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். நரம்பு சுருண்டு வீங்கிய கால் உள்ளவர்களும், அண்மையில் ஆபரேஷன் ஆனவர்களும் கிளம்பும் முன் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

இறங்க அரை மணி நேரம் இருக்கும்போது கேபினில் அழுத்தம் திரும்ப ஏறத் தொடங்கும். காது அடைப்பது பெரும்பாலும் அப்போதுதான். எச்சில் விழுங்கினால் காதுக்கும் தொண்டைக்கும் நடுவிலுள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். தூங்குகிறவர்கள் விழுங்குவது குறைவு. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வராதுதான், ஆனாலும் எழுப்பி ஒரு மிட்டாய் கொடுங்கள். கைக்குழந்தை என்றால் அந்த நேரம் பார்த்துப் பால் கொடுங்கள்.