லீட்ஸ், ஹல், ஐல் ஆஃப் வைட்: மூன்று இரவுகளும் ஒரு கேள்வியும்

ராக் இசையில் ஈடுபாடு கொண்டவர்கள் நால்வர் கூடினால், எந்தக் குழுவின் நேரடி இசைத்தட்டு சிறந்தது என்ற விவாதம் எழாமல் போகாது. அந்த விவாதம் சற்று நேரத்தில் 'ஒலித்தரம்' என்ற சொல்லில் வந்து முட்டி நின்றுவிடும். ஒருவர் துல்லியம் என்பார். இன்னொருவர் அழுத்தம் என்பார். மூன்றாமவர், மேடைக்கு முன்னால் நிற்பது போன்ற உணர்வு வரவேண்டும் என்பார். மூவரும் வேறு வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒலித்தரம் என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி மட்டும் கேட்கப்படாமலே கூட்டம் கலைந்துவிடும்.

இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க இங்கிலாந்தின் 'தி ஹூ' குழுவைவிடப் பொருத்தமான உதாரணம் நமக்குக் கிடைக்காது. ரோஜர் டால்ட்ரி, பீட் டவுன்ஷெண்ட், ஜான் என்ட்விசில், கீத் மூன் என்ற அதே நால்வர், பெரும்பாலும் அதே பாடல்கள், ஒரே ஆண்டு. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடம். மறுநாள் ஹல் நகர மண்டபம். ஆகஸ்ட் 30 அதிகாலையில் ஐல் ஆஃப் வைட் தீவின் திறந்தவெளி. மூன்று இரவுகளும் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, வெவ்வேறு காலங்களில் இசைத்தட்டுகளாக வந்துவிட்டன. வாசிப்பவர்கள் மாறவில்லை, இடமும் பதிவும் மட்டுமே மாறியிருக்கின்றன. ஒப்பிட இதைவிடத் தோதான ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்றே செய்திருக்க முடியாது.

இதன் முன்கதையே சுவையானது. 1969இல் 'டாமி' வெளிவந்த பிறகு குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. அந்த நிகழ்ச்சிகளை ஒலிப்பொறுப்பாளர் பாப் பிரிடன் பதிவு செய்து வந்தார். இங்கிலாந்து திரும்பியதும், குவிந்துகிடந்த ஒலிநாடாக்களை முழுவதும் கேட்டுத் தேர்ந்தெடுக்கும் பொறுமை டவுன்ஷெண்டுக்கு இருக்கவில்லை. எல்லாவற்றையும் எரித்துவிடும்படி சொல்லிவிட்டதாகவும், பின்னால் அதற்காக வருந்தியதாகவும் அவரே கூறியிருக்கிறார். அதன் பிறகுதான் லீட்ஸிலும் ஹல்லிலும் இரண்டே நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து இசைத்தட்டு வெளியிடுவது என்று முடிவானது.

1970 மே மாதம் வெளிவந்த 'லைவ் அட் லீட்ஸ்' ஆறே பாடல்கள் கொண்டது. மொத்தம் சுமார் 37 நிமிடங்கள். அதன் உறை, திருட்டுப் பதிப்பு இசைத்தட்டுகளைப் போலப் பழுப்பு அட்டையில் முத்திரை குத்தி வடிவமைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒலிப்பதும் அந்த அட்டைக்கு ஏற்றதுதான். டவுன்ஷெண்டின் கிடார் ஒரு பக்கம், என்ட்விசிலின் பேஸ் கிடார் எதிர்ப்பக்கம், நடுவில் மூனின் டிரம்ஸும் டால்ட்ரியின் குரலும். அரங்கத்தின் ஆரவாரம் அனேகமாக இல்லை. பெரும்பாலான நேரடி இசைத்தட்டுகள் கைதட்டலை உப்பைப் போலத் தாராளமாகத் தூவி, 'இது மேடை' என்று நம்மை நம்ப வைக்க முயலும். லீட்ஸ் அப்படி எதையும் செய்வதில்லை. நாம் பார்வையாளர் வரிசையில் இல்லை. மேடையின் மீதே, இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே நிற்கிறோம். ஒரு கிடாரும் ஒரு பேஸும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ள முடியும் என்பதை இதைக் கேட்டுத்தான் நாம் அறிந்தோம்.

அந்த இசைத்தட்டில் சொடுக்கொலிகள் உண்டு. ஒலிநாடாவிலேயே பதிவாகிவிட்ட குறை அது. வாங்கியவர்கள் தட்டு பழுதென்று திருப்பிக் கொடுத்துவிடக் கூடாதே என்பது போல, அந்த ஒலிகள் இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்ற பொருள்படும் குறிப்பு தட்டின் நடுச்சீட்டில் கையெழுத்தாகவே அச்சிடப்பட்டிருந்தது. 1995இல் ஜான் ஆஸ்ட்லியின் பொறுப்பில் 14 பாடல்களோடு குறுந்தகடாக வந்த மறுபதிப்பில், கணினியின் உதவியால் அந்தச் சொடுக்கொலிகள் அகற்றப்பட்டன. 2001இல் இரண்டு குறுந்தகடுகளாக வந்த பதிப்பில் அன்றிரவு வாசிக்கப்பட்ட 'டாமி'யும் சேர்ந்தது.

இங்கே நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள். பழைய தட்டே மெய், புதியது சலவை செய்யப்பட்டது என்பது ஒரு கட்சி. இந்தக் கட்சியோடு நமக்கு முழு உடன்பாடு இல்லை. சொடுக்கொலி அன்றிரவு லீட்ஸில் இருந்த எவர் காதிலும் விழுந்ததல்ல. பதிவுக் கருவியின் பிழை. அதை நீக்குவது கண்ணாடியைத் துடைப்பதைப் போன்றதே. 1995இன் பதிப்பில் மூனின் சிம்பல்கள் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. பாடல்களுக்கு இடையே நடக்கும் கேலிப் பேச்சுகள் அந்த நால்வரையும் மனிதர்களாக்குகின்றன. நமக்கு இழப்பாகத் தோன்றுவது வேறொன்று. 2001இன் பதிப்பு 'டாமி'யை அது வாசிக்கப்பட்ட இடத்தில், நிகழ்ச்சியின் நடுவில், வைக்காமல் இரண்டாம் குறுந்தகடுக்குத் தள்ளிவிட்டது. 'மை ஜெனரேஷன்' பாடலுக்கு அவர்கள் வந்து சேரும்போது எவ்வளவு களைத்திருக்க வேண்டும், எவ்வளவு சூடேறியிருக்க வேண்டும் என்பது அந்த வரிசை மாற்றத்தில் மறைந்துபோகிறது. வரிசையும் ஒலித்தரத்தின் ஒரு பகுதி என்பது நம் எண்ணம். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பழைய தட்டு தூய்மையானது என்ற நம்பிக்கையும் சற்று ஆட்டம் காண்கிறது. லீட்ஸில் பின்னணிக் குரல்கள் சரியாகப் பதிவாகவில்லை. டவுன்ஷெண்டும் என்ட்விசிலும் பிறகு ஸ்டுடியோவில் அவற்றைப் பாடிச் சேர்த்தார்கள். ஆக, 'ஒட்டுப்போடாத நேரடி இசை' என்று நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் தட்டிலும் ஒட்டு உண்டு. அதைப் பாடியவர்கள் அன்று மேடையில் நின்ற அதே இருவர், சில நாட்கள் கழித்து, என்பது மட்டுமே சமாதானம்.

ஹல்லின் கதை இன்னும் சிக்கலானது. அரங்கின் ஒலியமைப்பில் ஹல் மண்டபமே லீட்ஸைவிட மேலானது என்ற கருத்து குழுவினரிடையேகூட இருந்தது. கேட்கும்போது நமக்கும் அது சரியென்றே படுகிறது: சுவர்கள் ஒலியைத் திருப்பித் தரும் விதத்தில் ஒரு விசாலம் இருக்கிறது, மூனின் டிரம்ஸ் சற்று மூச்சுவிட்டு ஒலிக்கிறது. ஆனால் முதல் சில பாடல்களில் என்ட்விசிலின் பேஸ் நாடாவில் பதிவாகவே இல்லை. நிகழ்ச்சியின் தொடக்கப் பாடலான 'ஹெவன் அண்ட் ஹெல்' என்ட்விசிலே இயற்றியது. அதிலேயே அவர் இல்லை. அதனால் ஹல் ஒதுக்கி வைக்கப்பட்டு, லீட்ஸ் புகழ்பெற்றது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2010இல், முந்தைய இரவு லீட்ஸில் அவர் வாசித்த பேஸை எடுத்து ஹல் பாடல்களில் பொருத்தி வெளியிட்டார்கள். 2012இல் அது தனி இசைத்தட்டாகவும் வந்தது.

வேலைப்பாடு அபாரம். தெரியாதவர் கண்டுபிடிக்க முடியாது. நம்மை உறுத்துவதும் அதுதான். இந்தக் குழுவில் பேஸ் என்பது பின்னால் நின்று தாளம் தாங்கும் வாத்தியமல்ல. கிடாரோடும் டிரம்ஸோடும் சண்டையிட்டபடியே செல்லும் மூன்றாவது குரல். மூன் ஒவ்வோர் இரவும் வேறு மாதிரி அடிப்பார்; அந்த அடிக்கு என்ட்விசில் அந்தக் கணத்தில் பதில் சொல்வார். ஹல்லின் முதல் பாடல்களில் நாம் கேட்பது, நேற்றைய கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில் இன்றைய கேள்விக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருப்பதை. சுவடிப் பதிப்பாசிரியர்கள் செல்லரித்த இடத்தில் புள்ளியிட்டு நகர்வார்கள். வேறோர் ஏட்டிலிருந்து எடுத்து நிரப்பினால் அதை அடிக்குறிப்பில் சொல்வார்கள். ஹல் பதிப்பாளர்கள் இதை மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கு நன்றி. ஆனால் காது அடிக்குறிப்பைப் படிப்பதில்லை.

ஐல் ஆஃப் வைட் பதிவு 1996இல் வெளிவந்தது. ஒலித்தர மதிப்பெண் போடுபவர்கள் மூன்றில் கடைசி இடத்தை இதற்கே தருவார்கள். திறந்தவெளியில் ஒலியைத் திருப்பித் தரச் சுவர் இல்லை. கிடார் கரடுமுரடாகவும் டிரம்ஸ் சற்று மெலிந்தும் கேட்கின்றன. ஆயினும் கடற்காற்று வீசும் இருட்டில், பல லட்சம் பேர் என்று சொல்லப்பட்ட கூட்டத்தின் முன், அதிகாலையில் நால்வர் வாசிக்கிறார்கள் என்பதை அந்த மெலிவே சொல்கிறது. அங்கே லீட்ஸின் அடர்த்தியைச் செயற்கையாக ஏற்றியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

மறுமுனையில், 1982 சுற்றுப்பயணத்தின் பதிவுகளைக் கொண்டு 1984இல் வெளிவந்த 'ஹூஸ் லாஸ்ட்' இருக்கிறது. கருவிகள் முன்னேறியிருந்தன, பதிவில் சொல்லத்தக்க பிழை ஏதுமில்லை. ஆனால் மூன் 1978இல் மறைந்துவிட்டிருந்தார். எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, யாரும் யாரோடும் சண்டையிடவில்லை. அதை மறுமுறை கேட்க நமக்குத் தோன்றியதில்லை.

ஆகவே நம் தரப்பைச் சொல்லிவிடுகிறோம். நேரடி இசைத்தட்டின் ஒலித்தரம் என்பது தூய்மை அல்ல. அந்த இரவில் நால்வருக்கிடையே நடந்த உரையாடல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே. கருவியின் பிழையைத் திருத்தலாம். வாசித்தவரின் பிழையைத் திருத்தலாகாது. ஓர் இரவின் கையை எடுத்து இன்னோர் இரவின் தோளில் பொருத்துவதை இன்னும் தயங்கியே செய்யவேண்டும். என்ட்விசில் 2002இல் காலமானார். ஹல்லுக்குத் தன் லீட்ஸ் வாசிப்பு போதுமா என்று அவரிடம் கேட்க வழியில்லாதபோது அந்த முடிவு எடுக்கப்பட்டது.

முதல் முறையாகக் கேட்கப்போகிறவருக்கு 1995இன் லீட்ஸ் பதிப்பையே பரிந்துரைப்போம். ஹல்லை அதன் பிறகு கேளுங்கள். பேஸ் உண்மையிலேயே அந்த இரவுக்குத் திரும்பும் இடத்தை, எதையும் படிக்காமல், காதால் மட்டும் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். நம்மால் முடிகிறது என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது செவியின் கூர்மையா, முன்பே தெரிந்துவைத்திருப்பதன் மயக்கமா என்பதை மட்டும் இன்றுவரை நம்மால் தீர்மானிக்க இயலவில்லை.